கொழுப்பு விடுக்கும் ஓலை

கொழுப்பு என்னும் சொல்லுக்கு நம்முடைய பேச்சு வழக்கில் செருக்கு என்றும் ஒரு பொருள் உண்டு. ஒருவன் வரம்பு மீறிப் பேசினால் அவனுக்குக் கொழுப்பு மிகுந்துவிட்டது என்கிறோம். சரீரத்தின் உறுப்புகளில் இதயத்துக்கும் ஈரலுக்கும் மூளைக்கும் கிடைத்த கௌரவத்தில் நூற்றில் ஒரு பங்குகூடக் கொழுப்புக்குக் கிடைத்ததில்லை. சடலத்தை அறுத்துச் சோதித்த சரீர சாஸ்திரிகள், தாங்கள் காண விரும்பிய உறுப்பை மறைத்துக்கொண்டிருக்கும் மஞ்சள் நிறப் பொதியாகவே அதைக் கருதி, வழித்து ஒதுக்கிவிட்டு மேலே சென்றார்கள். குளிரைத் தடுக்கும் போர்வை, அடிபடாமல் காக்கும் மெத்தை, பஞ்ச காலத்துக்காகச் சேர்த்து வைத்த தானியம் என்ற இந்த மூன்று உத்தியோகங்களுக்கு மேல் அதற்கு வேறொன்று இருப்பதாக, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரையில் வைத்திய நூல்கள் சொல்லவில்லை.

தானியக் குதிர் என்ற உவமை பிழையானதன்று. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி வெப்பத்தைத் தருமானால் ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். மாவுச்சத்தைச் சேமிக்கும் ஈரலும் தசையும் அதனோடு தண்ணீரையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்க, கொழுப்போ தண்ணீரின் கலப்பில்லாமல் அடர்ந்து கிடக்கும். நடுத்தர உடற்கட்டு உள்ள ஒரு மனிதன் 10 முதல் 15 கிலோகிராம் வரையில் கொழுப்பைச் சுமந்து திரிகிறான். ஈரலில் உள்ள மாவுச்சத்து ஒரு நாள் பட்டினியில் ஏறத்தாழத் தீர்ந்துபோகும். இந்தக் கொழுப்போ ஒரு மாதத்துக்கு மேலும் உயிரைப் பிடித்து வைக்கும். ஆனால் குதிருக்குள் நெல் மட்டும் இல்லை, இருப்பு எவ்வளவு என்று நாள்தோறும் ஓலை எழுதி ஊர் முழுவதற்கும் அனுப்பும் ஒரு கணக்குப்பிள்ளையும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்பதும், அவருடைய ஓலைகள் பிழைபடும்போது சர்க்கரை நோய் என்னும் பெருந்துன்பத்துக்கு வழி பிறக்கிறது என்பதும் கடந்த முப்பது ஆண்டுகளில் தெளிவாகிய உண்மைகள். அந்த ஓலைகளுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் ஹார்மோன்.

அவற்றின் வேலை விளங்க, இரத்தத்துச் சர்க்கரையை அடக்கும் இன்சுலினைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். 1921-ஆம் ஆண்டில் கனடா தேசத்து டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் கணையத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், சாகும் தறுவாயில் இருந்த 14 வயதுச் சிறுவன் ஒருவன் அதனால் பிழைத்தபோது, நோயின் மர்மம் முழுவதும் வெளிப்பட்டுவிட்டதாகவே உலகம் நம்பிற்று. இன்சுலின் குறைவதே நோய், குறைந்ததை நிரப்புவதே மருந்து என்று கணக்கு நேராக இருந்தது. அந்த நம்பிக்கையை அசைத்தவர் லண்டன் நகரத்து மருத்துவர் ஹெரால்டு ஹிம்ஸ்வொர்த். அவர் தம் நோயாளிகளுக்குச் சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, அதே வேளையில் இரத்தக் குழாயில் இன்சுலினையும் செலுத்தி, இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறதா என்று பொறுமையாக அளந்து பார்த்தார். இளவயதில் நோய் கண்டு மெலிந்து போனவர்களுக்குச் சர்க்கரை அவ்வளவாக ஏறவில்லை. வயது முதிர்ந்து உடல் பருத்தவர்களுக்கோ, இன்சுலினும் செலுத்தப்பட்டிருந்தும் சர்க்கரை ஏறிக்கொண்டே போயிற்று. ஆகவே நோய் ஒன்றன்று, இரண்டு என்றும், இரண்டாவதில் குறைவது இன்சுலின் அன்று, அதன் சொல்லைக் கேட்கும் இயல்பே என்றும் 1936-இல் அவர் எழுதினார்.

காலத்துக்கு முந்திச் சொல்லப்பட்ட பல உண்மைகளுக்கு நேர்ந்த கதி அதற்கும் நேர்ந்தது. இரத்தத்தில் ஓடும் இன்சுலினை நேராக அளப்பதற்கு அன்று வழியில்லை. ஆகையால் ஹிம்ஸ்வொர்த்தின் கூற்று ஊகமாகவே நின்றது. 1960-ஆம் ஆண்டை ஒட்டி நியூயார்க் நகரத்தில் ரோஸலின் யாலோ என்ற பௌதிக அம்மையாரும் ஸாலமன் பெர்ஸன் என்ற மருத்துவரும் கதிரியக்க அயோடினைத் துணைக்கொண்டு அதை அளக்கும் முறையைக் கண்டுபிடித்தபோது, வயது வந்த பின் நோய் கண்டவர்களில் பலருடைய இரத்தத்தில் இன்சுலின் குறையவில்லை, மற்றவர்களைக் காட்டிலும் மிகுந்தே இருக்கிறது என்று கண்கூடாயிற்று. யாலோவுக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்ஸன் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

இன்சுலின் இருந்தும் அதற்குச் செவிசாய்க்காத இந்த நிலையை மருத்துவர்கள் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். எதிர்ப்பு என்பது போர்க்களத்துச் சொல். இணங்காமை என்பதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றினாலும், பழகிவிட்ட சொல்லையே நானும் கையாளுகிறேன். அது நிகழும் இடம் உயிரணுவின் உள்ளே. சர்க்கரை தண்ணீரில் கரைவது; உயிரணுவைச் சூழ்ந்த மெல்லிய சுவரோ பெரும்பாலும் கொழுப்பால் ஆனது; எனவே சர்க்கரை தானாக உள்ளே புக முடியாது, அதை அக்கரை சேர்க்கப் பரிசல்கள் வேண்டும். தசையிலும் கொழுப்பிலும் இந்தப் பரிசல்கள் எப்போதும் கரையில் காத்திருப்பதில்லை. உட்புறத்தில் சிறு சிறு குமிழ்களில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இன்சுலின் வந்து சுவரின் வெளிப்புறத்தில் தனக்கென்று அமைந்த ஏற்பியைத் தொட்டதும், உள்ளே ஒரு புரதம் அடுத்த புரதத்தின் மேல் பாஸ்பேட் என்னும் முத்திரையைக் குத்த, அது தனக்கு அடுத்ததைத் தூண்ட, இப்படிச் செய்தி கைமாறிக் கைமாறிச் சென்று, பரிசல்கள் மேலே வந்து சர்க்கரையை ஏற்றிக்கொள்கின்றன. இந்தத் தொடரின் தொடக்கத்திலேயே உள்ள ஒரு கண்ணிக்கு ஐ.ஆர்.எஸ்.-1 என்று பெயர். அதில் தைரோஸின் என்னும் அமினோ அமிலத்தின் மேல் முத்திரை விழுந்தால் செய்தி மேலே செல்லும். ஸெரின் என்னும் அமினோ அமிலங்களில் சிலவற்றின் மேல் விழுந்தாலோ செய்தி அங்கேயே தளர்ந்துவிடும். ஒரே முத்திரை, இடம் மாறியதால் அநுமதி தடையாகிறது. இந்த நுட்பத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கொழுப்பின் குறும்புகளில் முக்கியமானது ஒன்று இந்த இடத்தில்தான் நிகழ்கிறது.

ஈரலின் கதை சிறிது வேறு. பட்டினி வேளையில் சர்க்கரையைத் தயாரித்து இரத்தத்தில் விடுவது அதன் கடமை. உணவுக்குப் பின் அதை நிறுத்தச் சொல்வது இன்சுலினின் கட்டளை. கட்டளை காதில் விழாத ஈரல், வயிறு நிறைந்த வேளையிலும் சர்க்கரையைப் பொழிந்துகொண்டே இருக்கும். கணையம் இந்த இரு செவிடுகளுக்கும் கேட்கும்படி மேலும் மேலும் உரக்கக் கூவி, பல ஆண்டுகளுக்குப் பின் களைத்து ஓய்கிறது. அன்றுதான் நோய் வெளியே தெரிகிறது.

பருத்தவர்களிடம் இது மிகுதி என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் வயிற்றில் படிந்த கொழுப்பு தொடையில் உள்ள தசைக்குத் தன் பேச்சைக் கேட்கச் செய்வது எப்படி? விடை இரண்டு எலிகளிலிருந்து வந்தது.

அமெரிக்காவின் மேய்ன் மாகாணத்துக் கடற்கரையில் பார் ஹார்பர் என்னும் சிற்றூரில் ஜாக்ஸன் ஆராய்ச்சிசாலை இருக்கிறது. பரம்பரை ஆராய்ச்சிக்காகச் சுண்டெலிகளை வளர்ப்பதில் உலகப் புகழ் பெற்ற ஸ்தாபனம். அங்கே 1949-இல், தின்பதை நிறுத்தவே தெரியாமல், மற்ற எலிகளைப் போல் மூன்று மடங்கு எடைக்குப் பெருக்கும் எலி ஒன்று தற்செயலாகப் பிறந்தது. பிறகு 1960-களின் நடுவில், அதைப் போலவே பருத்து, அதனோடு கடுமையான சர்க்கரை நோயும் கொண்ட வேறொரு வம்சம் தோன்றிற்று. இரண்டும் ஒரே குறையா, வெவ்வேறு குறைகளா என்பதைக் கண்டறிய டக்ளஸ் கோல்மன் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு யுக்தி செய்தார். இரண்டு எலிகளின் பக்கவாட்டுத் தோலையும் தசையையும் சேர்த்துத் தைத்து, ஒன்றின் இரத்தம் மற்றொன்றில் மெல்ல மெல்லக் கலக்கும்படி செய்யும் சத்திர முறை அது. வாயில்லாப் பிராணிகளை இவ்வாறு பிணைத்ததைப் படிக்கையில் மனம் கூசாமல் இருப்பதில்லை. அவை நமக்கு அளித்த அறிவின் மதிப்பையும் மறுப்பதற்கில்லை.

சர்க்கரை நோய் எலியைச் சாதாரண எலியோடு இணைத்தபோது நிகழ்ந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. நோயாளி சுகமாக இருந்தது. ஆரோக்கியமான எலி சில நாட்களில் செத்தது. அறுத்துப் பார்த்தால் அதன் இரைப்பையில் உணவே இல்லை. பக்கத்தில் உணவு குவிந்திருக்கத் தின்னாமலே பட்டினியால் மாண்டிருந்தது. பருத்த முதல் எலியைச் சர்க்கரை நோய் எலியோடு இணைத்தபோது அதுவும் அவ்வாறே மாண்டது. அதைச் சாதாரண எலியோடு இணைத்தபோதோ, தின்பதைக் குறைத்துக்கொண்டு எடை ஏறாமல் வாழ்ந்தது. இந்த மூன்று விளைவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்துக் கோல்மன் செய்த அநுமானம், தர்க்கத்தின் அழகுக்கு ஓர் எடுத்துக்காட்டு. போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் ஓடுகிறது. முதல் எலிக்கு அந்தப் பொருளைச் செய்யத் தெரியவில்லை, செய்தியை ஏற்கத் தெரியும். இரண்டாவது எலி அதை வேண்டிய மட்டும் செய்கிறது, அதற்குச் செய்தியை ஏற்கத் தெரியவில்லை. பருமன் என்பது மனக்கட்டுப்பாட்டின் குறை என்றே பெரியோர் பலர் கருதிய காலத்தில், 1973-ஆம் ஆண்டுக்குள் அவர் இதைச் சொல்லி முடித்துவிட்டார். அந்தப் பொருளை மட்டும் அவரால் கையில் பிடிக்க இயலவில்லை.

நியூயார்க் ராக்ஃபெல்லர் சர்வகலாசாலையில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் என்பவரும் அவருடைய குழுவினரும் எட்டு ஆண்டுகள் உழைத்து, முதல் எலியின் பழுதுபட்ட மரபணுவைக் கண்டு 1994 டிசம்பரில் அறிவித்தார்கள். அந்த மரபணு வேலை செய்யும் இடம் மூளையன்று, குடலன்று, கணையமுமன்று, கொழுப்பு! 167 அமினோ அமிலங்களைக் கோத்துக் கொழுப்பு உயிரணு செய்யும் அந்தப் புரதத்துக்கு, மெலிவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு லெப்டின் என்று பெயரிட்டார்கள். 2010-இல் கோல்மனுக்கும் ஃப்ரீட்மனுக்கும் லாஸ்கர் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. கொழுப்பு ஒரு சுரப்பி என்பதில் அதன் பிறகு ஐயம் இருக்கவில்லை.

குதிரில் நெல் கூடினால் லெப்டின் கூடும், குறைந்தால் குறையும். லெப்டினைச் செய்யும் மரபணுவே பழுதாகப் பிறந்த குழந்தைகள் மிக அரிதாகவேனும் உண்டு. பாகிஸ்தானிலிருந்து இங்கிலாந்தில் குடியேறிய ஒரு குடும்பத்தில் அப்படிப்பட்ட இரண்டு குழந்தைகளைக் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் 1997-இல் கண்டார்கள். மூத்த குழந்தை எட்டு வயதில் 86 கிலோகிராம் எடை. லெப்டின் ஊசி போடத் தொடங்கியதும் அந்தத் தீராப் பசி அடங்கிற்று. ஆனால் உலகத்தில் பருத்திருக்கும் கோடிக்கணக்கான மற்றவர்களுக்கு லெப்டின் குறைவில்லை. அவர்கள் இரத்தத்தில் அது மிகுதியாகவே ஓடுகிறது. மேலும் செலுத்தினாலும் பெரும் பயனில்லை. இன்சுலினைப் போலவே இதற்கும் காது கேளாமை உண்டாகிறது. இதில் நம் விஷயத்துக்கு வேண்டிய செய்தி வேறொன்று: லெப்டின் பசியை அடக்குவதோடு நில்லாமல், ஈரலிலும் தசையிலும் இன்சுலினின் சொல் செல்லும்படி செய்கிறது. லெப்டின் இல்லாத எலிக்கு அதைச் செலுத்தினால், குறைவாகத் தின்றதனால் மட்டும் குறையக்கூடிய அளவுக்கும் கீழே சர்க்கரை இறங்குகிறது.

லெப்டினுக்கு ஓராண்டு முன்னதாகவே, பாஸ்டன் நகரில் துருக்கி நாட்டவரான கோகான் ஹோட்டமிஸ்லிகில் என்ற இளைஞரும் அவருடைய ஆசிரியர் புரூஸ் ஸ்பீகல்மனும் கொழுப்பிலிருந்து வேறொரு விதமான ஓலையைக் கண்டெடுத்திருந்தார்கள். டி.என்.எஃப். என்று சுருக்கமாக வழங்கும் அந்தப் பொருள் முன்பே பழக்கமானது. நோய்க் கிருமிகளை எதிர்க்கும் இரத்த அணுக்கள் விடுவது. புற்றுநோயாளியின் உடலை உருக்கி மெலிய வைப்பதில் பங்குடையது என்று பெயரெடுத்தது. மெலிய வைக்கும் என்று கருதப்பட்ட பொருள், பருத்த பிராணிகளின் கொழுப்பில் மிகுந்து சுரக்கிறது என்றால் வியப்பு எப்படி இல்லாமல் இருக்கும்? அதை எலிகளில் செயலறச் செய்தவுடன் தசைகள் இன்சுலினுக்கு மீண்டும் செவிசாய்த்தன. டி.என்.எஃப். உயிரணுவைத் தொடும்போது உள்ளே விழிக்கும் நொதிகள், நான் மேலே சொன்ன ஐ.ஆர்.எஸ்.-1 என்னும் கண்ணியில் ஸெரின் மேல் முத்திரையைக் குத்துகின்றன என்பது சில ஆண்டுகளில் தெரிந்தது. இன்சுலின் வந்து கதவைத் தட்டுகிறது. உள்ளே செய்தியாளனின் வாய் முன்பே கட்டப்பட்டிருக்கிறது. மனிதர்களுக்கு டி.என்.எஃப்.பை மட்டும் தடுத்துப் பார்த்தபோது சர்க்கரை எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓர் ஓலையைக் கிழித்தால் போதாது. அது போன்றவை பல புறப்படுகின்றன.

புறப்படும் இடமும் 2003-இல் தெளிவாயிற்று. உயிரணுக் குப்பையையும் கிருமிகளையும் விழுங்குவதற்கென்றே இரத்தத்திலிருந்து வந்து திசுக்களில் தங்கும் அணுக்கள் உண்டு. மெலிந்தவர்களின் கொழுப்பில் அவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிகவும் பருத்த பிராணிகளின் கொழுப்பிலோ எண்ணிக்கையில் ஏறத்தாழப் பாதியாகப் பெருகியிருந்தன. இதற்குக் காரணம் கொழுப்பு உயிரணு உப்புவதே. அது தன் இயல்பான அளவைப் போல் பல மடங்கு பெரிதாகக் கூடியது. ஒரு வரம்புக்கு மேல் இரத்தக் குழாய்கள் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் போக, பிராணவாயு குறைந்து, சில அணுக்கள் மடிகின்றன. உயிருள்ளவையும் அபாய ஓலை விடுகின்றன. விழுங்கும் அணுக்கள் ஓடிவந்து, செத்த அணுவைச் சுற்றி மகுடம் போல் வட்டமாக அமர்கின்றன. கண்ணுக்குத் தெரியாத, வலியே இல்லாத, ஆனால் ஆண்டுக்கணக்கில் அணையாத ஓர் உள்வெப்பு அங்கே குமைகிறது. புண்ணின் வெப்புக்குக் கொடுக்கும் சாலிஸிலேட் மருந்தைப் பெருமளவில் கொடுத்தால் நீரிழிவுக்காரர்களின் சிறுநீரில் சர்க்கரை குறைகிறது என்று ஜெர்மன் மருத்துவர் வில்ஹெல்ம் எப்ஸ்டைன் 1876-இலேயே எழுதிவைத்திருக்கிறார். ஒன்றேகால் நூற்றாண்டு கழித்தே அதன் பொருள் விளங்கிற்று.

இதுவரை சொன்னவை மிகுதியால் வரும் கேடு. குறைவால் வரும் கேட்டைச் சொல்ல வேண்டுமானால் அடிப்போநெக்டின் என்னும் ஹார்மோனைச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது அதுதான். 1995-லும் அடுத்த ஆண்டிலுமாக அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நான்கு குழுக்கள், ஒன்றையொன்று அறியாமல் அதைக் கண்டுபிடித்து நான்கு பெயர் வைத்தன. ஒன்றே பல பெயர் பூண்டு நிற்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஹார்மோன்கள் இரத்தத்தில் அணுப்பிரமாணமாகவே இருப்பது வழக்கம். அடிப்போநெக்டினோ லெப்டினைப் போல் சுமார் ஆயிரம் மடங்கு மிகுதியாக, குருதிப் புரதங்களில் பதினாயிரத்தில் ஒரு பங்கு என்னும் அளவுக்குப் பெருகி ஓடுகிறது. அது தசையில் கொழுப்பை எரிக்கத் தூண்டுகிறது. ஈரலில் சர்க்கரை உற்பத்தியை அடக்குகிறது. இரத்தக் குழாயின் உட்சுவரையும் காக்கிறது. இவ்வளவு நன்மை செய்வதைக் கொழுப்புதான் செய்கிறது. ஆகையால் கொழுப்பு கூடினால் இதுவும் கூடும் என்றே நாம் கணக்கிடுவோம். நிகழ்வது நேர்மாறு. உடல் பருக்கப் பருக்க அடிப்போநெக்டின் குறைகிறது. எடை இறங்கினால் அது ஏறுகிறது. உப்பி, மூச்சுத் திணறி, வெப்புற்ற கொழுப்பு உயிரணு முதலில் கைவிடுவது இந்த நல்ல தொழிலைத்தான். அங்கே குமையும் டி.என்.எஃப். முதலிய பொருள்களே அதன் உற்பத்தியை அடக்குகின்றன.

ரெஸிஸ்டின் என்ற ஒன்று 2001-இல் பெரும் ஆரவாரத்துடன் அறிவிக்கப்பட்டது. எலிகளில் அது கொழுப்பிலிருந்து பிறந்து இன்சுலினை எதிர்க்கிறது. மனிதர்களிலோ அது பெரும்பாலும் விழுங்கும் அணுக்களிலிருந்தே பிறக்கிறது என்று பின்பு தெரிந்ததால் ஆரவாரம் அடங்கிற்று. எலி மனிதன் ஆகாது என்பதற்கு அது ஒரு சான்று. இவை தவிர, ஹார்மோன் என்று சொல்லத் தகாவிட்டாலும் அவ்வளவு தீங்கு செய்யும் ஒரு பொருள் உண்டு: கொழுப்பமிலம். கொழுப்பைக் கட்டிப் பூட்டி வைக்கச் சொல்வதும் இன்சுலினே. அந்தச் சொல்லையும் கேளாத கொழுப்பு உயிரணு தன் சரக்கை இரத்தத்தில் கசியவிடுகிறது. அது தசைக்குள்ளும் ஈரலுக்குள்ளும், அதாவது தனக்கு உரியதல்லாத இடங்களில் போய்ப் படிகிறது. படிந்த இடத்தில் இன்சுலினின் செய்தித் தொடரை மறிக்கிறது. குதிர் நிரம்பி வழிந்த நெல் அடுப்படியிலும் கூடத்திலும் கிணற்றிலும் கொட்டிக்கிடக்கும் வீட்டை நினைத்துக்கொள்ளலாம்.

ஆகவே எவ்வளவு கொழுப்பு என்பதோடு, எங்கே உள்ள கொழுப்பு என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பிரான்ஸ் தேசத்து மார்ஸேய் நகரத்து மருத்துவர் ழான் வாக், இடுப்புக்குக் கீழே பருப்பவர்களைக் காட்டிலும் வயிற்றில் பருப்பவர்களையே நீரிழிவு நாடுகிறது என்று 1947-இலேயே கவனித்துச் சொன்னார். தொப்பையின் உள்ளே, குடலைப் போர்த்திக் கிடக்கும் கொழுப்பின் இரத்தம் நேரே ஈரலுக்குப் போகிறது. அதன் கசிவையும் ஓலைகளையும் முதலில் வாங்கிக்கொள்வது ஈரலே. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு அவ்வளவு பொல்லாதது அன்று. அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரில் பருத்த பெண்கள் 15 பேருக்கு, வயிற்றுத் தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பில் ஏறத்தாழ 10 கிலோகிராமை உறிஞ்சி எடுத்துவிட்டு, சில வாரங்கள் கழித்துச் சோதித்தார்கள். 2004-இல் வெளியான முடிவு இது: இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதில் எள்ளளவும் மாற்றமில்லை. அதைவிடக் குறைவான எடையை உணவாலும் நடையாலும் இறக்கியவர்களுக்குச் சர்க்கரை சீர்ப்படுகிறது என்பது நாம் அறிந்ததே. ஏனென்றால் அவர்களுடைய ஒவ்வொரு கொழுப்பு உயிரணுவும் சுருங்குகிறது, ஈரலிலும் தசையிலும் படிந்ததும் கரைகிறது. கத்தியால் எடுத்தால் எண்ணிக்கை குறையுமே அன்றி, எஞ்சிய உயிரணுவின் குணம் மாறாது.

இதற்கு மறுகோடியில் ஒரு விசித்திரம். கிளிடஸோன் என்னும் வகை மாத்திரைகள் உண்டு. நம் நாட்டில் பயோகிளிடஸோன் என்ற பெயரில் பலர் உட்கொள்கிறார்கள். அவை உடலில் புதிய, சிறிய கொழுப்பு உயிரணுக்களைப் பிறப்பித்து, தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பைக் கூட்டுகின்றன, எடையும் கூடுகிறது, ஆனால் இன்சுலின் எதிர்ப்பு குறைந்து சர்க்கரை இறங்குகிறது. புதிய குதிர் கட்டியதும், ஈரலிலும் தசையிலும் இறைந்து கிடந்தது அதற்குள் சென்று அடங்குகிறது; அடிப்போநெக்டினும் மிகுதியாகச் சுரக்கிறது. ஓரிடத்தில் கொழுப்பை எடுத்தும் பயனில்லை, மற்றோரிடத்தில் கொழுப்பைக் கூட்டியும் நன்மை என்றால், குற்றம் கொழுப்பின்மேல் இல்லை என்பது விளங்கவில்லையா?

குதிரின் அளவு எல்லோருக்கும் ஒன்றன்று. 2004-இல் லான்ஸெட் என்னும் மருத்துவ சஞ்சிகையில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே அச்சிட்டார்கள். ஒருவர் பூனா நகரத்து யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யட்கின். உயரத்துக்கு எடை ஒத்திருக்கிறதா என்று காட்டும் குறியீடு இருவருக்கும் 22.3, மெலிந்தவர்கள் என்றே யாரும் சொல்வார்கள். ஆனால் உடலில் கொழுப்பு யட்கினுக்கு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்குக்கு நூற்றுக்கு 21.2. யாஜ்னிக்கும் அவருடைய சகாக்களும் பூனாவைச் சுற்றிய கிராமங்களில் பிறந்த சிசுக்களையும் இங்கிலாந்துச் சிசுக்களையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். அங்கே சராசரி எடை 3.5 கிலோகிராம், இங்கே 2.7, தசையிலும் உறுப்புகளிலும் நம் சிசு மிகவும் குறைந்திருக்க, தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. தாயின் வயிற்றிலேயே தசை தேய்ந்து கொழுப்பு காக்கப்படுகிறது. சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் தசை சிறிது. கொழுப்பைப் பத்திரமாக அடக்கும் தோலடி இடமும் சிறிது. சற்றே வளமான உணவு கிடைத்தாலும் அது விரைவில் வயிற்றுக்குள்ளும் ஈரலுக்குள்ளும் வழிகிறது. ஆகையால்தான் ஐரோப்பிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 94 சென்டிமீட்டர் வரையில் பொறுக்கலாம் என்றவர்கள், நம்மவர்க்கு 90 என்று வரம்பைக் குறைத்தார்கள், பெண்களுக்கு 80. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 14.4 பேருக்கு அது உண்டென்றும் சென்னை ஆராய்ச்சியாளர்கள் தலைமையில் நடந்த தேசிய ஆய்வு 2023-இல் தெரிவித்தது. இவர்களில் எத்தனை பேரை, "ஒல்லியான உடம்பு, உனக்கு எப்படிச் சர்க்கரை வந்தது?" என்று சுற்றத்தார் கேட்டிருப்பார்கள்! மெலிந்த கையையும் காலையும் பார்த்து மருத்துவரிடம் போகாமல் இருந்துவிட்டவர்களை நினைக்கையில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டாகிறது.

குதிரே இல்லாமல் பிறப்பவர்களும் இருக்கிறார்கள். தோலடியிலும் வயிற்றிலும் கொழுப்பு உருவாகாத அபூர்வமான பிறவிக் குறை அது. சிலருக்குப் பிற்காலத்தில் கொழுப்பு தானே அழிந்துபோவதும் உண்டு. அவர்களுடைய நரம்பும் தசையும் தோலை ஒட்டிப் புடைத்துத் தெரியும். மல்லர்களோ என்று எண்ணத் தோன்றும். கொழுப்பே கேடு என்பது சரியானால் இவர்களைவிடச் சுகவாசிகள் இருக்க முடியாது. ஆனால் மிகக் கடுமையான இன்சுலின் எதிர்ப்பு இவர்களுக்குத்தான். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான யூனிட் இன்சுலினுக்கும் அடங்காத சர்க்கரை. ஈரல் முழுவதும் கொழுப்பேறி வீங்கிக் கிடக்கும். இரத்தம் பாலைப் போல் வெளுக்கும். தின்றும் அடங்காத பசி.

இதே குறையுள்ள எலிகளை உண்டாக்கி, அவற்றின் உடலில் நல்ல எலியின் கொழுப்புத் துண்டுகளை ஒட்ட வைத்தபோது நோய் தீர்ந்தது. பார் ஹார்பரில் பிறந்த முதல் எலியின் வம்சத்திலிருந்து, லெப்டின் செய்யத் தெரியாத கொழுப்பை எடுத்து ஒட்ட வைத்தபோது தீரவில்லை. டோக்கியோ ஆராய்ச்சியாளர்கள் கொழுப்பை விட்டுவிட்டு ஹார்மோன்களை மட்டும் செலுத்திப் பார்த்தார்கள்: லெப்டின் தனியாகப் பாதி குணம் தந்தது, அடிப்போநெக்டின் தனியாகப் பாதி, இரண்டும் சேர்ந்தபோது இன்சுலின் எதிர்ப்பு முற்றும் நீங்கிற்று.

அதன்பின் அமெரிக்க அரசின் பெத்தெஸ்டா மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில், இந்தக் குறை உள்ள பெண்கள் ஒன்பது பேருக்கு நாள்தோறும் இரு வேளை லெப்டின் ஊசி போட்டார்கள். நான்கு மாதத்தில் இரத்தக் கொழுப்பு நூற்றுக்கு 60 பங்கு இறங்கிற்று. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு 1.9 புள்ளி குறைந்தது. வீங்கிய ஈரல் நூற்றுக்கு 28 பங்கு சுருங்கிற்று. பலர் தாங்கள் போட்டுக்கொண்டிருந்த இன்சுலினையும் மாத்திரைகளையும் நிறுத்தினார்கள், அல்லது வெகுவாகக் குறைத்தார்கள். 2002-இல் இது வெளியாயிற்று. ஜப்பானில் 2013-லும் அமெரிக்காவில் அடுத்த ஆண்டிலும் லெப்டின் இந்த நோய்க்கு மருந்தாக அநுமதி பெற்றது. பருத்தவர்களை மெலிய வைக்கும் என்று தேடிக் கண்டெடுத்த ஹார்மோன், கொழுப்பே இல்லாதவர்களுக்கு மருந்தாக வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பெண்களின் உடலில் கொழுப்பு அன்றும் இல்லை, ஊசி போட்ட பின்னும் இல்லை. அது எழுதியிருக்க வேண்டிய ஓலை மட்டும் வேளைதோறும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.